சோலார் வாட்டர் ஹீட்டர்: சூடு எங்க போகுதுன்னு அறிகுறிய வெச்சு கண்டுபிடிக்கறது எப்படி

"சோலார் வேலை செய்யல"ன்னு ஒரே வரில சொல்லிட்டா யாராலயும் சரி பண்ண முடியாது. ஏன்னா மொட்டை மாடில இருக்கறது வெறும் பேனல் இல்ல, பகல் பூரா வர்ற வெப்பத்த தண்ணில சேத்து வெச்சு மறுநாள் காலைல நமக்குக் குடுக்கற ஒரு சேமிப்பு டேங்க். வெப்பம் உள்ள வரலயா, வந்தது ராத்திரி தங்கலயா, தங்கினது பாத்ரூம் வரைக்கும் வந்து சேரலயா, இந்த மூணும் வேற வேற கோளாறு, வேற வேற செலவு. நான் பாத்த வரைக்கும் எல்லாரும் முதல்ல கை வெக்கறது வெயில் பிடிக்கற கண்ணாடி டியூப்லதான், ஆனா கோளாறு பெரும்பாலும் டேங்க் பக்கமோ பைப் பக்கமோதான் இருக்கு.

மொதல்ல ஒரு தெர்மாமீட்டர் வாங்குங்க, கடைல கிடைக்கற சாதா டிஜிட்டல் போதும். கையால தொட்டு "நல்ல சூடு, சுமார் சூடு"ன்னு சொல்றதுல ஒண்ணும் புரியாது. அடுத்தது உங்க டேங்க்ல எவ்ளோ சரக்கு நிக்குதுன்னு ஒரு கணக்கு. ஒரு லிட்டர் தண்ணிய ஒரு டிகிரி ஏத்த 1.16 வாட்-மணி வேணும், அப்ப 200 லிட்டர் டேங்க் 27 டிகிரிலேருந்து 60-க்கு ஏறினா கிட்டத்தட்ட 7.7 யூனிட் கரண்டுக்குச் சமமான வெப்பம் உள்ள இருக்கு. குளிக்கற தண்ணி 40 டிகிரி போதும்ங்கறதால 20 லிட்டர் பக்கெட்டுக்கு 8 லிட்டர் சுடுதண்ணியும் 12 லிட்டர் பச்சத் தண்ணியும் கலந்தா சரியா வரும். 100 லிட்டர் டேங்க்னா 12 பக்கெட். வீட்ல ஏழு பேர் இருந்து ஆளுக்கு ரெண்டு பக்கெட்னா டேங்க் பத்தல, அது ரிப்பேர் இல்ல.

சாயங்காலம் கொதிக்குது, காலைல பச்சத் தண்ணி

அதிகமா வர்ற கம்ப்ளைண்ட் இதுதான், அதனால இத கொஞ்சம் பொறுமையா பாப்போம்.

நல்லா வெயில் அடிச்ச ஒரு நாள், சாயங்காலம் 5 மணிக்கு டேங்க்குக்கு ரொம்பப் பக்கத்துல இருக்கற குழாய்ல சூடு அளந்து எழுதிக்கங்க. அப்புறம் டேங்க்லேருந்து வீட்டுக்குள்ள இறங்குற சுடுதண்ணி லைன்ல இருக்கற கேட் வால்வ மட்டும் மூடிடுங்க. பச்சத் தண்ணி உள்ள வர்ற வால்வ தொடாதீங்க, டேங்க்குக்குள்ள காத்து போய் வர மேல நிக்கற வென்ட் பைப்ப எந்தக் காரணத்துக்கும் அடைக்காதீங்க. காலைல 6 மணிக்கு வால்வ தொறந்து, பைப்புல நின்ன தண்ணிய விட்டுட்டு மறுபடி அளங்க. பொதுவா 5-லேருந்து 8 டிகிரி இறங்கியிருந்தா டேங்க் நல்லா இருக்குன்னு அர்த்தம், சூட்டைத் திருடறது வீட்டுக்குள்ள இருக்கற பிளம்பிங். 15 டிகிரிக்கு மேல இறங்கியிருந்தா கோளாறு மாடிலயே இருக்கு.

வீட்டுக்குள்ளன்னா முக்காவாசி நேரம் மிக்ஸர் டேப்தான் காரணம். கை ஷவர் இருக்குல்ல, அதோட பட்டன மட்டும் விட்டுட்டு மிக்ஸர்ல ரெண்டு திருகையும் தொறந்தே வெச்சிருப்பாங்க, அப்ப சுடுதண்ணி லைனும் பச்சத் தண்ணி லைனும் மிக்ஸருக்குள்ளயே ஒண்ணோட ஒண்ணு சேந்துக்கும், வேற எங்கயாவது ஃப்ளஷ் தட்டினாலோ கிச்சன்ல குழாய் தொறந்தாலோ இந்த வழியா சுடுதண்ணி பச்சத் தண்ணி லைனுக்கு ஓடிரும், யாருக்கும் தெரியாது. கண்டுபிடிக்கறது சுலபம், காலைல எழுந்ததும் யாரும் தண்ணி தொடறதுக்கு முன்னாடி ஒவ்வொரு மிக்ஸருக்கும் கீழ இருக்கற பச்சத் தண்ணி ஆங்கிள் காக்க தொட்டுப் பாருங்க, எது வெதுவெதுன்னு இருக்கோ அதுதான் ஆளு. அந்த மிக்ஸரோட ரெண்டு ஆங்கிள் காக்கயும் ஒரு ராத்திரி மூடி வெச்சுப் பாத்தா உறுதி ஆயிரும். ரெண்டு லைன்லயும் சின்ன என்ஆர்வி (தண்ணிய ஒரு பக்கம் மட்டும் விடற வால்வு) போட்டுட்டா தீந்தது.

இன்னொரு வழி, சோலார் டேங்க்குக்குப் போற பச்சத் தண்ணி லைன்லேருந்து நடுவுல டீ (T மாதிரி இருக்கற மூணு வழி இணைப்பு) போட்டு பாத்ரூமுக்கும் லைன் இழுத்திருப்பாங்க. கீழ தண்ணி தொறக்கும்போது டேங்க்ல இருக்கற தண்ணி பின்னாடி இறங்கி அந்த டீ வழியா போயிரும். ஓவர்ஹெட் டேங்க்லேருந்து சோலாருக்குன்னு தனி லைன் வரணும், நடுவுல ஒரு கிளை கூட இருக்கக் கூடாது. வீடு கட்டும்போதே இத சொல்லி வாங்கிடுங்க, அப்புறம் செவுத்த ஒடைக்கறது பெரிய வேலை.

மாடில கோளாறுன்னா, டியூப் டைப்பா பேனல் டைப்பான்னு பாருங்க. தட்டையான காப்பர் பேனல்ல டேங்க் பேனலோட மேல் விளிம்பவிட ஒரு அடியாவது மேல இருக்கணும். இல்லன்னா ராத்திரி வானத்தப் பாத்து பேனல் ஆறும்போது உள்ள இருக்கற தண்ணி கனமாகி கீழ இறங்கி டேங்க்ல இருக்கற சூட்ட இழுத்துக்கிட்டு தலைகீழா சுத்த ஆரம்பிக்கும், பகல்ல சேத்ததெல்லாம் ராத்திரி வெளிய போகும். டியூப் டைப்ல வெற்றிடம் இருக்கறதால இந்தத் தொல்லை கம்மி, அங்க சந்தேகப்பட வேண்டியது டேங்க சுத்தி இருக்கற 50 மில்லிமீட்டர் பஃப் (சூடு வெளிய போகாம தடுக்கற நுரை) இன்சுலேஷன். உள்ள ஊசி முனை அளவுக்கு ஒழுகினாலும் அது நனைஞ்சிரும், நனைஞ்சா சூட்ட நிறுத்தாது. வெளித் தகட்ட காலைல தொட்டா ஒரு எடம் மட்டும் வெதுவெதுன்னு இருந்தாலோ, கீழ ஓரத்துல சொட்டு வந்தாலோ, அங்கதான்.

மொத ரெண்டு பக்கெட் நல்ல சூடு, அப்புறம் சட்டுன்னு வெதுவெதுப்பு

டேங்க் நல்லா இருந்தா சூடு எப்படி இறங்கணும்னா, ரொம்ப நேரம் ஒரே சூட்ல வந்து கடைசில விறுவிறுன்னு கொறையணும். ஏன்னா சுடுதண்ணி லேசு, மேல மெதக்கும், பச்சத் தண்ணி அடில வந்து நின்னு அத மேல தள்ளும், ரெண்டுக்கும் நடுவுல ஒரு மெல்லிசு அடுக்கு இருக்கும். அந்த அடுக்கு கலையாம இருக்கற வரைக்கும் கடைசி பக்கெட்டும் சூடா வரும். கலைஞ்சிருச்சுன்னா 200 லிட்டரும் 42 டிகிரிக்கு வந்துரும், உள்ள இருக்கற மொத்த வெப்பம் கொறையவே இல்ல, ஆனா பச்சத் தண்ணி கலக்க வழி இல்லாததால பாதிப் பேருக்குத்தான் பத்தும்.

கலைக்கறது எது? பச்சத் தண்ணி வர்ற வாய் டேங்க்குக்குள்ள மேல பாத்து பீச்சி அடிக்கற மாதிரி இருந்தா கலையும். இன்லெட்டையும் அவுட்லெட்டையும் மாத்திக் குடுத்திருந்தா கேக்கவே வேணாம், இது நெஜமாவே நடக்குது, முக்கியமா பழைய டேங்க மாத்தி புதுசு வெக்கும்போது பிளம்பர் ஏற்கனவே நிக்கற பைப்புக்குத் தோதா சொருகிட்டுப் போயிருவாங்க. பச்சத் தண்ணி அடிப்பக்கம், சுடுதண்ணி மேல்பக்கம், அவ்ளோதான் விதி. சரியா இருக்கான்னு பாக்க ராத்திரி பத்து மணிக்கு ரெண்டு பைப்பையும் டேங்க் ஓரத்துல தொட்டுப் பாருங்க, வீட்டுக்கு இறங்குற பைப்புதான் சூடா இருக்கணும், பச்சத் தண்ணி வர்றது இல்ல.

பெரிய பெரிய எடத்துலயும் மண்ட ஒடச்சிக்கறது இதே விஷயத்துக்குத்தான். ஏசிக்காக ராத்திரி தண்ணிய குளிர வெச்சு பகல்ல எடுக்கற பெரிய கட்டடங்கள்ல டேங்க்குக்குள்ள தண்ணி ஆடாம அசையாம நுழையணும்னே தண்ணிய மெதுவா பரப்பி விடற டிஃப்யூசர் போடறாங்க. ஸ்பெயின்ல 2009-ல ஓட ஆரம்பிச்ச அண்டசோல் சூரிய மின் நிலையத்துல 28,500 டன் உருகின உப்புல வெப்பத்தச் சேத்து வெச்சு சூரியன் மறைஞ்சு சுமார் ஏழரை மணி நேரம் வரைக்கும் கரண்ட் எடுக்கறாங்க, அங்க கலக்கற பிரச்சினையே வேணாம்னு சூட்டுக்கு ஒரு டேங்க், ஆறினதுக்கு ஒரு டேங்க்னு தனித்தனியா வெச்சிருக்காங்க. நமக்கு ஒரே டேங்க், அதனால அந்த அடுக்கக் காப்பாத்தறதுதான் எல்லாம்.

நாள் பூரா வெயில், ஆனா சூடே ஏறல

இப்பத்தான் டியூப் பக்கம் போகணும். டியூப்ங்கறது ரெண்டு கண்ணாடிக் குழாய், நடுவுல காத்து இல்ல, பிளாஸ்க் மாதிரி. அடி முனைய உத்துப் பாருங்க, கண்ணாடிக்குள்ள வெள்ளி முலாம் பூசின மாதிரி பளபளன்னு இருக்கும், அது பேரியம் பூச்சு. வெற்றிடம் போயிருச்சுன்னா காத்து பட்டு அது பால் மாதிரி வெளுத்துரும். வெளுத்த டியூப் எத்தனைன்னு எண்ணி அத மட்டும் மாத்துங்க, மொத்த செட்டும் மாத்தணும்னு யாராவது சொன்னா ஒத்துக்காதீங்க. மத்தியானம் இன்னொரு சோதனையும் பண்ணலாம், நல்ல டியூப்போட வெளிக் கண்ணாடி வெயில்லயும் பெருசா சுடாது, வெற்றிடம் போனது புறங்கைய கிட்ட கொண்டு போனாலே தெரியும்.

எல்லாம் பளபளன்னு இருந்தும் சூடு இல்லன்னா உப்பு. கோயம்புத்தூர், திருப்பூர் பக்கமெல்லாம் சிறுவாணியோ ஆத்துத் தண்ணியோ குடிக்கப் பிடிச்சு வெச்சுட்டு சோலாருக்கு போர் தண்ணிதான் போகும், அந்தத் தண்ணி 60 டிகிரியத் தாண்டினா கரைஞ்சிருந்த சுண்ணாம்பு மளமளன்னு படியும். டியூப்ப கழட்டி தலைகீழா கவுத்தா வெள்ளைச் சேறா கொழகொழன்னு கொட்டும், அடில ஒரு சாண் உயரத்துக்கு கெட்டியா அடைச்சிருக்கறதும் உண்டு, அந்த ஒரு சாணுக்கு தண்ணியே இல்லாதப்ப வெயில் பட்டு என்ன பிரயோஜனம். காப்பர் பேனல்ல இது இன்னும் மோசம், விரல் தடிமன் பைப்பு அடைச்சா சுத்தறதே நின்னுரும். உப்புத் தண்ணிதான் கதின்னா டியூப் டைப் வாங்குங்க, இல்ல உப்புத் தண்ணி நேரா பேனலுக்குள்ள போகாம சூட்ட மட்டும் மாத்திக் குடுக்கற ஹீட் எக்ஸ்சேஞ்சர் வெச்ச பேனல் வாங்குங்க.

சுத்தம் பண்றதுக்கு சிட்ரிக் ஆசிட் பவுடர் கரைச்ச தண்ணி போதும். டாய்லெட் கழுவுற ஆசிட்ட ஊத்தவே ஊத்தாதீங்க, அதுல இருக்கற குளோரைடு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் டேங்க்ல புள்ளி புள்ளியா ஓட்டை போட்டுரும், உப்பு போகும் டேங்க்கும் போகும்.

நிழலையும் பாத்துருங்க. டிசம்பர்ல கோயம்புத்தூர்ல மத்தியானத்துல கூட சூரியன் தெக்க சாஞ்சு சுமார் 55 டிகிரி உயரத்துலதான் நிக்கும், தெக்குப் பக்கம் பக்கத்து வீட்ல புதுசா ஒரு மாடி ஏத்தியிருந்தா சித்திரைல ஒண்ணும் தெரியாது, மார்கழில பாதி பேனல் நிழல்ல இருக்கும்.

குழாய தொறந்தா ரொம்ப நேரம் பச்சத் தண்ணி, அப்புறம்தான் சூடு

டேங்க்ல கோளாறு இல்ல, பைப்பு நீளம். உள்விட்டம் 20 மில்லிமீட்டர் இருக்கற பைப்புல ஒவ்வொரு மீட்டருக்கும் 0.3 லிட்டர் நிக்கும், 20 மீட்டர் இறங்கி வந்தா ஆறு லிட்டருக்கு மேல. அத பக்கெட்ல பிடிச்சு வேற வேலைக்கு வெச்சுக்கங்க. சுடுதண்ணி லைன் சிபிவிசியா (சூடு தாங்கற பிளாஸ்டிக் பைப்பு) இருக்கணும், வெயில்ல கெடக்கற பைப்புக்கு கருப்பு ஃபோம் சுத்தி மேல டேப் போடணும். வேற மருந்து இல்ல.

டேங்க்ல சூடு இருக்கு, குழாய்ல வரல, இல்லன்னா துப்பித் துப்பி வருது

ஓவர்ஹெட் டேங்க் காலியான்னு பாத்தீங்களா? அடில பச்சத் தண்ணி வந்து தள்ளினாத்தான் மேல இருக்கற சுடுதண்ணி வெளிய வரும், மோட்டார் போடாம விட்டா 200 லிட்டர் சுடுதண்ணி மேல இருந்தும் ஒரு சொட்டு வராது. ஓவர்ஹெட் டேங்க் நெறைஞ்சும் துப்புதுன்னா லைன்ல காத்து அடைச்சிருக்கு. பைப்பு கைப்பிடிச் செவுத்து மேல ஏறி இறங்குற எடத்துலதான் காத்து மாட்டும், அந்த மேட்டுல ஒரு ஏர் வென்ட் வெச்சிருங்க, முடிஞ்சா அந்த மேட்டையே எடுத்துருங்க.

வென்ட்ல தண்ணி ஊத்துது, இல்லன்னா டேங்க் நசுங்கியோ உப்பியோ இருக்கு

வென்ட் பைப்போட முனை ஓவர்ஹெட் டேங்க் தண்ணி மட்டத்தவிட ஒரு அடியாவது உயரமா இருக்கணும். கம்மியா இருந்தா டேங்க் நெறையும்போதெல்லாம் வென்ட் வழியா ஊத்தும், ஊத்துதேன்னு யாராவது அதுல மூடி மாட்டிருவாங்க, அங்கதான் ஆபத்து ஆரம்பிக்குது. வென்ட் அடைச்சிருந்து, பச்சத் தண்ணி வராம, கீழ குழாயத் தொறந்தா உள்ள வெற்றிடம் ஆகி டேங்க் உள்வாங்கி நசுங்கிரும். வென்ட் மூடின டேங்க்ல தண்ணி கொதிச்சா டேங்க் உப்பிரும்.

புதுசா பிரஷர் பம்ப் வெச்ச வீடுகள்ல இது இன்னொரு ரூபத்துல வருது. மாடில சாதா டேங்க் வெச்சிருந்தா அது பிரஷருக்குன்னு செஞ்சதே இல்ல. பம்ப்ப பச்சத் தண்ணி மெயின் லைன்ல மாட்டினா அதே பிரஷர் டேங்க்குக்குள்ளயும் போகும், டியூப் ரிங் பிதுங்கும், வெல்டிங் விடும். பிரஷர் வேணும்னா பிரஷர் டேங்க்தான் வாங்கணும், இல்லன்னா சூடு தாங்கற சின்ன பம்ப்ப சுடுதண்ணி இறங்குற லைன்ல தனியா வெக்கணும்.

டியூப் அடிக்கடி உடையுது

கல் விழுந்தா தவிர தானா உடையாது. தண்ணி இல்லாம காஞ்ச டியூப் வெயில்ல 200 டிகிரியத் தாண்டும், அப்ப மத்தியானம் மோட்டார் போட்டு பச்சத் தண்ணி பாஞ்சா கண்ணாடி தாங்காது. கரண்ட் போயி, போர் வத்தி, எப்படியோ டேங்க் காலியாயிட்டா சோலாருக்குப் போற வால்வ மூடிட்டு ராத்திரியோ விடிகாலையோ மட்டும் நெரப்புங்க. டியூப் மாத்துறதும் அந்த நேரத்துலதான், மேல ஒரு துணியப் போத்தி, ரிங்ல சோப்புத் தண்ணி தடவி, திருகித் திருகி எறக்கணும், இடிக்கக் கூடாது.

சுடுதண்ணி மட்டும் அழுகின முட்டை நாத்தம் அடிக்குது

டேங்க்குக்குள்ள துருவத் தடுக்க மெக்னீசியம் ராடு ஒண்ணு தொங்கும். தண்ணில சல்பேட்டும் ஒரு வகை பாக்டீரியாவும் இருந்தா ராடோட சேந்து அந்த வாயு உண்டாகும். ரொம்ப நாள் ஊர்ல இல்லாம வந்தா அதிகமா இருக்கும். டேங்க முழுசா காலி பண்ணிக் கழுவி, 60 டிகிரிக்கு மேல ஏத்தி ஒரு நாள் வெச்சு விட்டுருங்க, மறுபடி வந்தா அலுமினியம்-ஜிங்க் ராடா மாத்துங்க. ராட எடுத்துட்டு சும்மா விடாதீங்க, நாத்தம் போகும், டேங்க்கும் சீக்கிரம் போகும். வெதுவெதுப்பாவே பல நாள் நிக்கற தண்ணி நல்லதில்ல, 25-லேருந்து 45 டிகிரிலதான் லெஜியோனெல்லா கிருமி நல்லா வளரும், அத ஷவர்ல வர்ற நுண்ணிய தண்ணித் துளியோட மூச்சுல இழுத்தா நெஞ்சுச் சளிக் காய்ச்சல் வரும். வயசானவங்க இருக்கற வீட்ல இத லேசா எடுத்துக்காதீங்க.

சோலார் வெச்சும் கரண்ட் பில் கொறையல

டேங்க்ல பேக்கப் காயில் (வெயில் இல்லாதப்ப கரண்ட்ல சூடு பண்றது) இருக்கா, சுவிட்ச் எப்பவும் ஆன்லயா? அதுதான். சாயங்காலம் தண்ணி எடுத்ததும் உள்ள வர்ற பச்சத் தண்ணிய ராத்திரியே காயில் சூடு பண்ணி வெச்சிரும், காலைல வெயில் வரும்போது டேங்க் ஏற்கனவே சூட்டால நெறைஞ்சிருக்கும், சூரியனுக்கு சேக்க எடமே இருக்காது. தினம் 2 யூனிட் இப்படிப் போனாலும் ரெண்டு மாச பில்லுல 120 யூனிட். சுவிட்ச ஆஃப்ல வெச்சு, மழை மூட்டம்னா மட்டும் தேவையான நேரம் போடுங்க. 2 கிலோவாட் காயில் 200 லிட்டர முழுசா ஏத்த நாலு மணி நேரம் கிட்ட ஆகும், ஆனா மேல் பாதி சூடா இருந்தாலே ரெண்டு மூணு பேர் குளிச்சிரலாம். மாடில கரண்ட் தயாரிக்கற சோலாரும் இருந்தா காயில பகல்லயே ஓட்டுங்க, மத்தியான வெயில விடிகாலைக்குக் கொண்டு போறதுக்கு தண்ணிய விட மலிவான பேட்டரி கெடையாது. காயில தொடறதுக்கு முன்னாடி எம்சிபிய (போர்டுல இருக்கற டிரிப் சுவிட்ச்) எறக்குங்க.

ஏப்ரல், மே மாசத்துல தண்ணி கொதிக்குது

சூடு அதிகம், எடுக்கறது கம்மி. 60 டிகிரி தண்ணி அஞ்சாறு செகண்ட்ல தோல புண்ணாக்கிரும், குழந்தைங்க இருந்தா பாத்ரூம்ல முதல்ல பச்சத் தண்ணி, அப்புறம் சுடுதண்ணின்னு பழக்குங்க. மூணுல ஒரு பங்கு டியூப்ப கோணிப்பையோ பச்சை நெட்டோ போட்டு மூடுங்க. லீவுக்கு ஊருக்குப் போறதா இருந்தா முழுசா மூடிட்டுப் போங்க, டேங்க காலி பண்ணிட்டுப் போகாதீங்க.

டேங்க் அடில சொட்டுது

டியூப் சொருகுற எடத்துல சொட்டினா சிலிக்கான் ரிங், சின்ன செலவு. தகட்டுக்கு அடில, பஃப் ஊறி, உப்புக் கறை வழிஞ்சு சொட்டினா உள் டேங்க்ல ஓட்டை. உப்புத் தண்ணில இருக்கற குளோரைடும் சூடும் சேந்தா சாதா ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வெல்டிங் ஓரமா அரிச்சுப் போகும். சூட்ட சேத்து வெக்கற டேங்க்னாலே இது பெரிய தலைவலி, அமெரிக்கால நெவாடால இருக்கற 110 மெகாவாட் கிரெசன்ட் டியூன்ஸ் நிலையமே 2016 கடைசில உருகின உப்பு டேங்க் கசிஞ்சு சுமார் எட்டு மாசம் நின்னு போச்சு. ஒரு ஓட்டைய வெல்டிங் வெச்சா பக்கத்துலயே இன்னொண்ணு வரும், அந்தக் காச புது டேங்க்குக்குப் போடுங்க. வாங்கும்போது உள் டேங்க் எந்தக் கிரேடுன்னு கேளுங்க, உப்புத் தண்ணிக்கு 304-ஐ விட 316எல் தாங்கும். ராடு எங்க மாட்டியிருக்கு, கழட்ட வழி இருக்கான்னு நேர்ல பாருங்க. மாட்டின ஒரு வருஷத்துல அத ஒரு தடவ கழட்டிப் பாத்து, பாதிக்கு மேல கரைஞ்சிருந்தா அப்பவே புதுசு போட்டுருங்க.